கோப்பு திறக்கவில்லை என்பதற்காகப் பூட்டைக் கழற்றலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

புதுக்கடை நீதிமன்றங்களுக்கு அருகில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு அலுவலகம் ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி, சத்தியக் கடதாசி ஆகியவற்றை மூன்று மொழிகளிலும் மாற்றிக் கொடுப்பது எங்கள் அன்றாட வேலை. 2022 இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களுக்குள் 360 ரூபாவை எட்டியதிலிருந்து, ஓடிக்கொண்டிருக்கும் கணினியை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்கும் துணிவு எங்களைப் போன்ற சிறு அலுவலகங்களுக்கு இல்லை. விண்டோஸ் 10 இற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திய பின்னரும் ஒவ்வொன்றாகவே மாற்றி வருகிறோம். ஆகவே விண்டோஸ் 7 இல் ஒன்று, 10 இல் ஒன்று, புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 மடிக்கணினி, இளம் மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் மேக், கோப்புகளைச் சேமிக்கும் பழைய உபுண்டு லினக்ஸ் கணினி என ஐந்தும் ஒரே அறையில், ஒரே ரவுட்டரில் இயங்குகின்றன. கொழும்பில் இத்தகைய அறைகள் ஏராளம் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

புதிய மடிக்கணினி வந்த அன்றே எங்கள் பொதுக் கோப்புறை அதில் திறக்க மறுத்தது. அடையாளம் உறுதிப்படுத்தப்படாத விருந்தினர் அணுகலை நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்ற பொருளில் ஓர் ஆங்கில அறிவிப்பு வந்தது. அப்படி ஒரு கொள்கையை நாங்கள் எவரும் வகுத்திருக்கவில்லை. கடையொன்றிலிருந்து வந்த தொழில்நுட்பவியலாளர் இருபது நிமிடங்களில் வேலையை முடித்தார். வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் தீச்சுவரை நிறுத்தினார், எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு நெறிமுறையை இயக்கினார், கடவுச்சொல் கேட்கும் வசதியை நீக்கினார், கோப்புறைக்கு எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்தார். பழைய கணினிகள் இருக்கும் இடத்தில் வேறு வழியில்லை என்று விளக்கமும் சொன்னார். அவர் எங்களை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டதே அவ்வளவுதான் என்று தோன்றுகிறது.

அன்று மாலை மனம் ஒப்பாமல், வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் வாங்கில் அமர்ந்து என் கைபேசியில் முயன்று பார்த்தேன். காத்திருப்பவர்களுக்கு வைஃபை கடவுச்சொல்லைக் கொடுப்பது எங்கள் வழக்கம். கோப்புகளைத் திறக்கும் சாதாரணச் செயலி ஒன்றில் லினக்ஸ் கணினியின் முகவரியைத் தட்டியதும், எந்தக் கேள்வியும் இன்றி, அந்த வாரம் மொழிபெயர்த்த விவாகரத்து வழக்கொன்றின் ஆவணங்கள் திரையில் விரிந்தன. அழிக்கும் பொத்தானும் பக்கத்திலேயே இருந்தது. பின்னர் விசாரித்ததில், லினக்ஸில் கோப்புப் பகிர்வை நடத்தும் சாம்பா மென்பொருளை நிறுவிய நாளிலேயே விருந்தினர் அனுமதி திறந்துவிடப்பட்டிருந்தது தெரியவந்தது. அதாவது பல வருடங்களாக அந்தக் கதவு திறந்தே கிடந்தது. புதிய மடிக்கணினிதான் அதை முதலில் சுட்டிக்காட்டியது. நாங்கள் அதைக் கோளாறு என்று நினைத்து, எச்சரித்த வாயை அடைக்கப் பணம் கொடுத்திருக்கிறோம்.

நடந்தது இதுதான். விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புரோ வகைக் கணினிகள் பகிர்வின்போது, தரவு வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் மின்னணு ஒப்பத்தைக் கட்டாயமாகக் கேட்கின்றன. பெயரில்லாத விருந்தினரால் அந்த ஒப்பத்தை இட முடியாது. தேவைப்பட்டது ஒரு பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமே. எஸ்எம்பி 1 இற்கு இதில் எந்த வேலையும் இல்லை. விண்டோஸ் 7 கூட எஸ்எம்பி 2.1 பேசும், எஸ்எம்பி 1 ஐ மட்டுமே அறிந்தது விண்டோஸ் எக்ஸ்பி காலத்து இயந்திரம். 2017 மே மாதம் பிரித்தானிய மருத்துவமனைகள் வரை முடக்கிய வன்னாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் பரவியது இந்த எஸ்எம்பி 1 இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, அதே ஆண்டு மார்ச்சில் வெளிவந்திருந்தது என்பது இன்னும் வேதனைக்குரியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசொஃப்ட் எஸ்எம்பி 1 ஐத் தானாக நிறுவுவதை நிறுத்தியது. 2019 இல் சாம்பாவும் அவ்வாறே செய்தது. உலகம் மூடிய கதவை இருபது நிமிடக் கூலிக்குத் திறந்துகொண்டிருக்கிறோம்.

சரியான திருத்தத்தை நான் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் செய்து முடித்தேன். லினக்ஸ் கணினியில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு உருவாக்கி, சாம்பாவுக்குரிய கடவுச்சொல்லையும் தனியாக இட்டேன். கணினிக்குள் நுழையும் கடவுச்சொல் வேறு, சாம்பாவின் கடவுச்சொல் வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. இன்னொரு குழப்பம் விண்டோஸ் கணினிகளுக்கு இடையில் வருகிறது. என் உதவியாளர் மடிக்கணினியிலிருந்து விண்டோஸ் 10 கணினியின் கோப்புறையைத் திறக்க, தினமும் காலையில் தட்டும் நான்கு இலக்கப் பின் எண்ணை நான்கு தடவை தட்டிப் பார்த்துச் சோர்ந்துபோனார். அந்தப் பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. வலையமைப்பில் அது செல்லாது. எதிர்க் கணினியில் உள்ள கணக்கின் பெயரையும் முழுக் கடவுச்சொல்லையும் கொடுத்ததும் கோப்புறை திறந்தது. தீச்சுவரை மீண்டும் இயக்கி, எங்கள் வைஃபையை விண்டோஸில் பொது வலையமைப்பு என்பதிலிருந்து தனியார் வலையமைப்பு என்று மாற்றினேன். அதனால் பகிர்வுக்குத் தேவையான வழி மட்டுமே திறந்தது. வாடிக்கையாளருக்கு ரவுட்டரிலேயே விருந்தினர் வைஃபை ஒன்றைத் தனியாக அமைத்தேன்.

அச்சுப்பொறியின் கதை இதைவிடப் பழையது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோன மறுநாள், திங்கட்கிழமை காலை, நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டிய சத்தியக் கடதாசிகள் அச்சாகவில்லை. அச்சுப்பொறி தொடர்பில் இல்லை என்றே எல்லாக் கணினிகளும் கூறின. அதன் பொத்தானை அழுத்தி அமைப்புத் தாளை எடுத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது: 192.168.1.7 என்றிருந்த அதன் முகவரி 192.168.1.12 ஆகியிருந்தது. மின்சாரம் திரும்பியபோது ரவுட்டர் முகவரிகளைப் புதிதாகப் பங்கிட்டிருக்கிறது. பழைய முகவரி யாரோ ஒருவரின் கைபேசிக்குப் போய்விட்டது. ரவுட்டரில் அச்சுப்பொறியின் மாறாத அடையாளமான வன்பொருள் முகவரியைப் பதிந்து நிரந்தர முகவரி ஒதுக்கிய பிறகு, எத்தனையோ மின்வெட்டுகள் வந்தும் இந்தத் தொல்லை திரும்பவில்லை. வலையமைப்பில் நேரடியாக இணைக்கக்கூடிய அச்சுப்பொறியை ஒரு விண்டோஸ் கணினியின் வழியாகப் பகிர வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள். 2021 இல் அச்சுச் சேவையில் கண்டுபிடிக்கப்பட்ட பிரிண்ட் நைட்மேர் குறைபாட்டுக்குப் பின், பகிரப்பட்ட அச்சுப்பொறியின் இயக்கி மென்பொருளை நிறுவ நிர்வாகியின் அனுமதி கட்டாயமாயிற்று. ஐபிபி என்ற வலையமைப்பு அச்சு முறையில் நேரடியாக இணைத்தால் மேக்கும் லினக்ஸும் தனி இயக்கி இல்லாமலே பெரும்பாலும் அச்சிட்டுவிடும்.

தமிழில் வேலை செய்வோருக்கென்றே இரண்டு சிக்கல்கள் உண்டு. எந்தத் தொழில்நுட்பவியலாளரும் இவற்றை எங்களுக்குச் சொன்னதில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய ஆவணத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து அச்சிட்டால், பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வரும். அச்சுப்பொறி பழுது என்று நினைத்து மைக்குப்பியையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும். எழுத்துரு உள்ள கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது உடனடி வழி. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறிமுறையான யுனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நிரந்தர வழி. மற்றது கோப்பின் பெயரில் வருவது. ‘கொழும்பு காணி உறுதி’ என்ற ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் எங்கள் லினக்ஸ் கணினியில் இருந்தன. தேடினால் ஒன்று மட்டுமே கிடைத்தது. யுனிகோடில் ‘கொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக் கோப்புமுறை பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து ஸிப் ஆக்கிக் கொண்டுவந்த கோப்பைக் கண் ஒன்றாகக் கண்டாலும் லினக்ஸ் வேறாகவே கொள்கிறது. இதைக் கண்டுபிடிப்பதற்குள், வாடிக்கையாளர் ஒருவருக்குத் திருத்தாத பிரதியை அனுப்பியிருந்தோம்.

தனிநபர் தரவைப் பாதுகாப்பதற்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டுள்ளது. பிறர் குடும்பத்தின் பத்திரங்களை வைத்திருக்கும் நொத்தாரிசுகளும், மொழிபெயர்ப்பாளர்களும், மருத்துவ ஆய்வுகூடங்களும் தங்கள் கோப்புறை யாருக்குத் திறந்திருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். கணினி திருத்த வருபவரிடம், எதை மாற்றினார் என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருமாறு கேளுங்கள். நான் இப்போது அதைப் பெற்ற பிறகே பணம் கொடுக்கிறேன். தமிழில் கணினிப் பாடநெறி நடத்தும் நிறுவனங்கள் இந்தப் பகிர்வுப் பாடத்தை விண்டோஸ் எக்ஸ்பி காலத்துடன் நிறுத்திவிடாமல் புதுப்பிக்க வேண்டும் என்றும் உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். இதைப் படிப்பவர்கள் இன்றே ஒன்றைச் செய்யலாம்: விண்டோஸில் கண்ட்ரோல் பேனலைத் திறந்து, வசதிகளை இயக்கும் நிறுத்தும் பட்டியலில் எஸ்எம்பி 1.0 என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அதன் பெட்டியில் அடையாளம் இருந்தால் எடுத்துவிட்டுக் கணினியை மீள இயக்குங்கள்.

இங்ஙனம்,
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்,
கொழும்பு 12.