லோயாட்டில் மல்டிமீட்டரோடு நின்ற அண்ணனுக்கு

அண்ணே, உங்கள் பெயர் தெரியாது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

காலையில் சுவிட்சை அழுத்தினால் சில நாள் என் கணினி எழும், சில நாள் அசையாது. எழுந்துவிட்டால் இரவுவரை ஓடும். மதர்போர்டு (எல்லா பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை) போய்விட்டது என்று ஒரு கடையில் கைவிரித்துவிட்டார்கள்.

கணினியைத் தூக்கிக்கொண்டு நான் போன கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கின் கணினிக் கடை வளாகமான லோயாட் பிளாசாவில் நீங்களும் சாமான் வாங்க வந்தவர்தான். யாரும் கேட்காமலே பையிலிருந்து மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தீர்கள். முதலில் பவர் சுவிட்சின் ஒயரைக் கழற்றி, அது செருகும் இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டீர்கள். அசைவில்லை. ஆக, சுவிட்சு தப்பித்தது. பிறகு பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு வரும் 24 பின் கனெக்டரின் பின்பக்கம் ஊதா ஒயரில் மீட்டரின் சிவப்பு முனை, கறுப்பு ஒயரில் கறுப்பு முனை. கணினி அணைந்திருந்தாலும் அங்கே 5 வோல்ட் இருக்கவேண்டும், 4.75க்குக் கீழே இறங்கக்கூடாது. மீட்டர் காட்டியது 4.3. பவர் சப்ளைக்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் குளிர்ந்திருக்கும்போது இப்படித்தான் திணறும், சூடேறினால் சமாளித்துக்கொள்ளும் என்றீர்கள்.

அதே கனெக்டரின் பச்சை ஒயரையும் கறுப்பையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, சப்ளையைத் தனியாக ஓடவிட்டு, விசிறி சுற்றுவதைக் காட்டி ‘சப்ளை நல்லாத்தான் இருக்கு’ என்பார்களே, அதை நம்பாதே, சுமை இல்லாதபோது கெட்டதும் சுற்றும் என்றீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம், சப்ளைப் பெட்டியைத் திறந்து தொலைக்காதே என்று ஓர் அதட்டல் வேறு!

சப்ளையை மட்டும் மாற்றியாயிற்று. அதே மதர்போர்டுதான் ஓடுகிறது. இது கண்ணில் பட்டால் ஒரு வரி போடுங்கள் அண்ணே, தே தாரிக் என் கணக்கு.