பீடித் தட்டிலிருந்து கூரைக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

திருநெல்வேலி மாவட்டம் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பூங்காவில் 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட சூரிய மின்தகடு ஆலையில் பெரும்பாலும் பெண்களே பணிபுரிவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியை மகிழ்ச்சியோடு படித்தேன். டிப்ளமோ முடித்த நம் பிள்ளைகள் ஓசூருக்கும் சென்னைக்கும் போகாமல் சொந்த மாவட்டத்திலேயே மாதச் சம்பளம் வாங்குவது பெரிய மாற்றம். ஆனால், தாமிரபரணிக் கரை ஊர்களில் தலைமுறைகளாகப் பீடி சுற்றிவரும், நாற்பது வயதைக் கடந்த பெண்களுக்கு அந்த வாசல் எளிதில் திறப்பதில்லை.

முக்கூடலில் எங்கள் அடுத்த வீட்டு அக்கா, முந்தைய இரவே நனைத்து வைத்த இலையைத் தகரத் துண்டு வைத்து அளவாக வெட்டி, மடியில் சொளவோடு பொழுது சாயும்வரை குனிந்திருந்து பீடி சுற்றுகிறார். மகள் கம்பெனிப் பேருந்தில் ஏறிவிட்டாள், தாய் இன்னும் திண்ணையில்தான் இருக்கிறார். நூலை இம்மி பிசகாமல் இறுக்கிக் கட்டும் அந்த விரல்களுக்கு எந்த நுணுக்கமான வேலையும் வசப்படும். சூரிய மின்சார வேலை ஆலைக்குள் மட்டும் இல்லை. ஒரு கோடி வீடுகளின் கூரையில் தகடு பொருத்தும் நோக்கோடு 2024-இல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தால், அவற்றைப் பொருத்தவும் பராமரிக்கவும் பழுதுபார்க்கவும் ஊருக்கு ஊர் ஆள் வேண்டியிருக்கும். ஆகவே, பேட்டை அரசு தொழிற்பயிற்சி நிலையத்தின் வழியாக முக்கூடல், மேலப்பாளையம் போன்ற ஊர்களிலேயே இப்பெண்களுக்கு மூன்று மாத அரைநாள் பயிற்சி நடத்தவும், அந்நாள்களில் அவர்கள் இழக்கும் கூலிக்கு ஈடாக உதவித்தொகை வழங்கவும் மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், முக்கூடல்