சூரிய உதயம் எடுக்கப் புதுக் கேமரா தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை விட்டால் கன்னியாகுமரிக் கடற்கரையில் விடியும் முன்பே கேமராவும் செல்போனுமாகக் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கும் ஆசை பிள்ளைகளிடம் பரவுவது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் படம் சரியாக அமையாவிட்டால் உடனே கேமராவைக் குறை சொல்லி, விலை கூடிய மாடலைத் தேடுகிறார்கள். அந்தப் பணத்தில் முதலில் ஆட்டமில்லாத டிரைபாட் (கேமராவைத் தாங்கும் முக்காலி) ஒன்று வாங்கட்டும். கேமராவோடு வரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும்.

வானம் நன்றாக நிறம் கொள்வது பெரும்பாலும் சூரியன் எழுவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில்தான். அந்த மங்கல் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100, அப்பெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப்/8 வைத்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் அரை நொடி, ஒரு நொடி என்று நீளும். கையில் பிடித்து எடுக்க முடியாது. ஐஎஸ்ஓவைக் கூட்டினாலோ பாறை நிழல்களில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் ஏறிவிடும்.

டிரைபாட் இருந்தும் படம் கலங்குகிறதென்றால் மணலைப் பாருங்கள். திரும்பும் அலை டிரைபாட் காலுக்கடியில் அரித்துக்கொண்டே போகும். ஷட்டர் திறந்திருக்கும்போது கேமரா இம்மியளவு இறங்கினாலும் கூர்மை போய்விடும். கால்களை அகல விரித்து, ஈர மணலுக்குள் அழுத்தி ஊன்ற வேண்டும். டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைத்து, 2 நொடி டைமர் வைத்தால் விரல் பட்ட அதிர்வும் அடங்கிவிடும். வீடு திரும்பியதும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு, கால்களை இறுக்கும் பூட்டுகளைக் கெடுக்கும்.

ஏபிஎஸ்-சி என்னும் நடுத்தர அளவு சென்சார் உள்ள கேமராவில், லென்ஸை 18 மி.மீ., எஃப்/8 என்று வைத்து 2 மீட்டருக்குச் சற்று அப்பாலுள்ள பாறையில் ஃபோகஸ் செய்தால், ஒன்றேகால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக விழும். துளையை இன்னும் சிறிதாக்கும் எஃப்/22 இதைவிட நல்லது என்று பலர் நம்புகிறார்கள். துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, படம் முழுவதும் கூர்மை குறைந்து மசமசவென்று ஆகிவிடும்.

ஏசி அறையிலிருந்து வந்த கேமராவைக் கடற்கரையில் சட்டென்று திறந்தால் லென்ஸ் பனித்துப்போகும். மூடிய பைக்குள்ளேயே அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். செல்போனில் எடுப்பவர்கள் வானத்தின் வெளுப்பான பகுதியை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினாலே நிறம் திரும்பிவிடும்.

சூரியன் எப்போதும் நேர் கிழக்கில் உதிப்பதில்லை. டிசம்பர் கடைசியில் 23 டிகிரிக்கு மேல் தெற்கே தள்ளியும், ஜூன் கடைசியில் அதே அளவு வடக்கே தள்ளியும் எழும். வள்ளுவர் சிலையோடு சேர்த்து எடுக்க நினைப்பவர்கள் முதல் நாளே காம்பஸ் வைத்து நிற்கும் இடத்தைப் பார்த்துவிட வேண்டும்.

வாசகர் படங்களைத் தாங்கள் வெளியிடும்போது எடுத்த தேதி, நேரம், ஷட்டர், அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ விவரங்களையும் கீழே ஒரு வரியில் அச்சிட வேண்டுகிறேன். புதிதாகக் கற்பவர்களுக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்