ஏழு கல் தோடும் சப்போரோ பனியும்

அன்புள்ள அப்பாவுக்கு,

பணம் அனுப்பிவிட்டேன், அம்மாவின் கண் ஆபரேஷனை இனியும் தள்ளிப் போடாதீர்கள். எனக்கு இங்கே சாப்பாடு, வேலை எல்லாம் சரியாகவே போகிறது, குளிர்தான் கொல்கிறது. ஒரு சீசனுக்குக் கிட்டத்தட்ட 5 மீட்டர் பனி விழும் ஊர், ஜப்பானின் இந்த சப்போரோ. ஆனால் விலாசம் கண்டுபிடிப்பது சுலபம். ஓடோரி என்ற நீளமான பூங்காவை மடிப்புக் கோடாக வைத்து, வடக்கே 1, 2, 3 என்றும் தெற்கே அதே மாதிரியும் கட்டம் கட்டமாக நகரத்தைப் போட்டிருக்கிறார்கள்.

பனி விழும்போது கறுப்புக் கோட்டின் கையை நீட்டினால் ஒவ்வொரு துகளும் தனியாகத் தெரியும், உங்கள் பட்டறை லென்ஸ் இருந்தால் இன்னும் நன்றாகப் பார்க்கலாம். ஆறு கிளைதான், எங்கே எண்ணினாலும் ஆறு. தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாகத்தான் கோத்துக்கொள்ளுமாம். நீங்கள் ஏழு கல் தோட்டில் நடுக்கல்லைச் சுற்றி அதே அளவுக் கல் ஆறு வைப்பீர்களே, ஐந்து வைத்தால் இடைவெளி விழும், ஏழாவதற்கு இடமே இருக்காது. வானியலாளர் கெப்ளர் 1611-ல் பனி ஏன் ஆறு முனை என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார், அவரும் உருண்டைகளை அடுக்கிப் பார்த்துத்தான் யோசித்திருக்கிறார்.

ஆனால் படத்தில் வருகிற மாதிரி அச்சுப் பிசகாத பனி அபூர்வம் அப்பா. என் கோட்டில் விழுந்ததில் பாதிக்கு மேல் ஒரு கிளை குட்டை, இல்லையென்றால் ஒடிசல். நீங்கள் இடது தோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து வலதை ராவுவீர்கள், இங்கே ஒரு கிளையை இன்னொன்றோடு ஒப்பிட ஆளே இல்லை. ஆறும் ஒரே குளிரில், ஒரே ஈரத்தில் வளர்வதால் ஒன்றுபோல வருகின்றன, அவ்வளவுதான். விழும் வழியில் இன்னொன்றின் மேல் மோதினால் போச்சு. இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான் நகாயா என்பவர் 1936-ல் முயல் முடியில் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். மைனஸ் 15 டிகிரி பக்கம் என்றால் கிளை கிளையாக விரியும், மைனஸ் 5 பக்கம் ஊசியாகப் போய்விடும், கூடவே ஈரப்பதமும் சேர வேண்டும்.

அதற்கும் நூறு வருஷம் முன்னால், 1832-ல், டோயி என்ற பிரபு நுண்ணோக்கியில் பார்த்து 86 பனி வடிவங்களை வரைந்து புத்தகம் போட்டார். அப்புறம் அந்த டிசைன்கள் இங்கத்திய கிமோனோ உடையில் எல்லாம் ஏறிவிட்டன. அந்தப் படங்களைத் தம்பி போனுக்கு அனுப்புகிறேன், தங்கச்சிக்குத் தோடு செய்ய எது தோதுப்படும் என்று பாருங்கள். கிளை மெலிதாக இருப்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், தலைமுடியில் மாட்டும் என்று அவள் சண்டைக்கு வருவாள்.