டிரங்க் பயிற்சியில் கட்டளை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

நெட்வொர்க் சான்றிதழ் தேர்வுக்கான ஆய்வகப் பயிற்சியில் விஎல்ஏஎன் (ஒரு நெட்வொர்க்கைத் தனித்தனிப் பிரிவுகளாக்கும் முறை) டிரங்க், அதாவது பல விஎல்ஏஎன்களைச் சுமக்கும் ஒரே இணைப்பு, அமைப்பதை வெறும் கட்டளை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பது சரியல்ல. எங்கே பழுதாகும் என்பதையும் காட்ட வேண்டும்.

சிஸ்கோ சுவிட்சுகளில் இரு முனையும் ‘டைனமிக் ஆட்டோ’வில் (மறுமுனை கேட்டால் மட்டுமே டிரங்க் ஆகும் நிலை) இருந்தால் டிரங்க் உருவாகவே உருவாகாது. இரு பக்கமும் ‘சுவிட்ச்போர்ட் மோட் டிரங்க்’ கொடுப்பதே நல்லது. ஐஎஸ்எல் (சிஸ்கோவின் பழைய டிரங்க் முறை) ஆதரவும் உள்ள பழைய சுவிட்ச் இதை ஏற்க மறுத்தால், முதலில் பொதுத் தர முறையான டாட்1கியூவைத் தேர்ந்தெடுக்க ‘சுவிட்ச்போர்ட் டிரங்க் என்கேப்சுலேஷன் டாட்1கியூ’ கொடுக்க வேண்டும்.

பலரும் சறுக்குவது, டிரங்கில் எந்த விஎல்ஏஎன்கள் செல்லலாம் என்ற அனுமதிப் பட்டியலில்தான். விஎல்ஏஎன் 10, 20 ஓடும் டிரங்கில் ‘சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விஎல்ஏஎன் 30’ என்று அடித்தால் பட்டியலில் 30 மட்டுமே மிஞ்சும். பழைய இரண்டும் அந்த நொடியே துண்டிக்கப்படும். எண்ணுக்கு முன் ‘ஆட்’ சேர்த்தால்தான் மூன்றும் இருக்கும்.

பிறகு ‘ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்’ பாருங்கள். அனுமதிக்கப்பட்ட வரிசையில் 30 இருந்து, அடுத்து வரும் ‘அலவ்டு அண்ட் ஆக்டிவ்’ வரிசையில் இல்லையென்றால், பெரும்பாலும் அந்த சுவிட்சில் விஎல்ஏஎன் 30 உருவாக்கப்படவில்லை என்று பொருள்.

நேட்டிவ் விஎல்ஏஎன் எண் இரு முனையிலும் ஒன்றாக இருக்கட்டும். அதன் ஃபிரேம்கள் (தரவுத் துண்டுகள்) டேக் (விஎல்ஏஎன் எண்ணைச் சொல்லும் குறி) இல்லாமல் செல்வதால், எண் மாறினால் ஒரு விஎல்ஏஎனின் போக்குவரத்து இன்னொன்றில் போய் விழக்கூடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்