லாரிக்காரரைப் பிடித்தாயிற்று, பையைக் கட்டியவர் எங்கே?

தமிழ்நாடு, கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் தலைவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலிக்காரன் எழுதுகிறேன். 2024 டிசம்பரில் எங்கள் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரள மருத்துவமனைக் கழிவு குவிந்து கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஊசி, முகக்கவசம், கூடவே நோயாளிகளின் விவரங்கள் அச்சிட்ட காகிதங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகு, கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். கொட்டியதைத் திருப்பி எடுக்க வைத்ததில் எங்களுக்கெல்லாம் ஒரு திருப்திதான்.

ஆனால் கைதானவர்கள் யார்? ஏஜெண்டுகள், லாரிக்காரர்கள். அவர்களில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள், அதை மறைப்பானேன். இங்கிருந்து கேரளாவுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப் போகிற வண்டி வெறுமனே திரும்பினால் டீசல் நஷ்டம். குப்பை ஏற்றினால் கையில் காசு. இந்தக் கணக்கு செங்கோட்டைச் சாலையில் டீக்கடை வைத்திருப்பவருக்கும் தெரியும்.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் மருத்துவக் கழிவு கொட்டுகிறவர்களையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். மறுபுறம் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் 15-ஆம் பிரிவைப் பாருங்கள். முன்பு 5 ஆண்டு வரை சிறை என்றிருந்ததை மத்திய அரசின் ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம் மாற்றிவிட்டது. 2024 ஏப்ரலிலிருந்து 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதைக் கட்டாமல் விட்டால்தான் சிறைப் பேச்சு. ஆக, லாரி ஓட்டுகிறவருக்குக் குண்டாஸ், கழிவை உண்டாக்கியவருக்கு ரசீது என்று ஆகிவிடக் கூடாது.

2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள் தெளிவாகத்தான் இருக்கின்றன. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று தரம் பிரிக்க வேண்டும். பைகளில் பார்கோடு இருக்க வேண்டும். முறையற்றுக் கையாண்டு கேடு விளைந்தால் மருத்துவமனையோ சுத்திகரிப்பு நிலையமோ பொறுப்பு. மருத்துவமனைகள் மாதக் கழிவுக் கணக்கைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்பதும் விதியில் உண்டு. அப்படிப் போடுகிற மருத்துவமனையை நான் தேடிப் பார்த்தேன். எனக்குச் சிக்கியது மிகக் குறைவு.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். புளியரை, வாளையாறு, களியக்காவிளை எல்லைச் சோதனைச் சாவடிகளில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிற வேலை தொடரட்டும். அதோடு, ஒவ்வொரு மருத்துவமனையிலிருந்தும் கிளம்பிய எடையையும், சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேர்ந்த எடையையும் மாதாமாதம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள். எங்கே கிலோ குறைகிறதோ, அந்த மருத்துவமனை நிர்வாகத்துக்கு முதல் நோட்டீஸ் போகட்டும். வழக்கில் ஏஜெண்டின் பெயருக்கு மேலே அவர்கள் பெயர் வரட்டும். கொடகநல்லூரில் அள்ளியதைப் போல இனி அள்ள நேர்ந்தால், அந்தச் செலவை அவர்களிடமே வசூலியுங்கள்.

இப்படிக்கு,
தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிற ஒருவன்