கணக்கு வகுப்புக்கு இத்தனை சட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் கணக்கு வகுப்புக்கான விதிகளை அச்சடித்தே கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். ஜாமெட்ரி பாக்ஸ் தினமும் வர வேண்டும், படம் பென்சிலில்தான், விடையோடு அலகு எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும். இதெல்லாம் சரிதான், செ.மீ.க்கும் சதுர செ.மீ.க்கும் உள்ள வித்தியாசம் இந்த வயதில் பதியாவிட்டால் சுற்றளவும் பரப்பளவும் பத்தாம் வகுப்பு வரைக்கும் குழப்பும்.

ஆனால் போர்டில் போட்ட முறையில்தான் கணக்கைப் போட வேண்டுமாம். 15 சதவீதம் கண்டுபிடிக்க 10 சதவீதத்தை எடுத்து அதில் பாதியைக் கூட்டியிருந்தாள், விடையும் சரி, ஆனாலும் சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள். மளிகைக் கடையில் மனக்கணக்காகப் போடுவது இந்த வழியில்தானே!

அப்புறம், தப்பான கணக்கை 20 முறை எழுத வேண்டுமாம். எங்கே தப்பியது என்று பார்க்காமல் எழுதினால் கைவலிதான் மிச்சம். அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. எல்லார் முன்னாலும் 'மக்கு' என்பது எந்தக் கணக்கில் வரும்?

பெற்றோர் கூட்டத்தில் ஒரு விதியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்: வேறு வழியில் போட்ட பிள்ளை போர்டுக்கு வந்து விளக்கலாம், விளக்கிவிட்டால் முழு மதிப்பெண்.

ஒரு பெற்றோர்,
திருச்சி